ஹீட்டர் முதலுதவிதான், வைத்தியம் அல்ல

கோடை வந்தால் வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்தி ஒன்று இந்த வருடமும் வந்துவிட்டது. மலை ஏறும்போது கார் இன்ஜின் சூடானால் பயப்பட வேண்டாம், ஹீட்டரைப் போட்டுவிட்டுப் போய்க்கொண்டே இருங்கள் என்கிறது. எங்கள் காலை நடை நண்பர்கள் குழுவில் மட்டும் மூன்று பேர் அனுப்பிவிட்டார்கள். அதில் முன்பாதி உண்மை, பின்பாதி ஆபத்து. அந்தப் பின்பாதிக்கு நான் ஒரு முறை நல்ல விலை கொடுத்திருக்கிறேன். அதனால்தான் எழுதுகிறேன்.

முதலில் உண்மையைச் சொல்லிவிடுகிறேன். பெட்ரோல் எரிந்து வரும் சக்தியில் சுமார் மூன்றில் ஒரு பங்குதான் வண்டியை ஓட்டுகிறது. இன்னொரு பங்கு புகையோடு போகிறது. மிச்சச் சூட்டின் பெரும்பகுதியை இன்ஜினைச் சுற்றி ஓடும் கூலன்ட் வாங்கிக்கொண்டு போய், முன்னால் உள்ள ரேடியேட்டரில் காற்றிடம் விடுகிறது. டேஷ்போர்டுக்குப் பின்னால் இதேபோல் சின்ன ரேடியேட்டர் ஒன்று இருக்கிறது. நம் ஊர் பெட்ரோல் கார்களில் ஹீட்டர் என்பது அதுதான். அதற்கென்று தனியாக அடுப்பு கிடையாது. இன்ஜின் சூட்டையே கொஞ்சம் திருப்பி நம் மேல் ஊதுகிறது.

சாதாரண நாளில் ஹீட்டரைப் போட்டால் டெம்பரேச்சர் முள் அசையாது. காரணம் தெர்மோஸ்டாட். கூலன்ட் 80, 90 டிகிரிக்கு வந்த பிறகுதான் அது ரேடியேட்டருக்கு வழி விடும். ஹீட்டர் கொஞ்சம் சூட்டை எடுத்தால், தெர்மோஸ்டாட் வழியைக் கொஞ்சம் குறைத்துக்கொள்ளும். கணக்கு நேராகிவிடும். மலைப்பாதையில் அப்படி இல்லை. வழி முழுதும் திறந்து, ஃபேனும் சுற்றி, அதற்கு மேலும் சூடு ஏறும்போது, இந்தச் சின்ன ரேடியேட்டர் எடுக்கும் சூடும் உதவிதான். ஆனால் சின்ன உதவி.

என் கதைக்கு வருகிறேன். 2004 மே மாதம், மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூர் போகும் பாதை. மொத்தம் 14 கொண்டை ஊசி வளைவுகள், 1,500 மீட்டர் ஏற்றம். கல்லாறு தாண்டிக் கொஞ்ச தூரத்திலேயே முள் சிவப்பை நோக்கி நகர்ந்தது. ஏ.சி.யை அணைத்தேன். அது சரியான காரியம். ஏ.சி. இன்ஜினுக்குச் சுமை, அதன் கண்டென்சர் விடும் சூட்டுக்காற்றும் ரேடியேட்டர் மேலேயே படுகிறது. பிறகு ஹீட்டரை முழுதாகத் திருப்பினேன். முள் சற்றே தணிந்தது. எனக்குப் பெருமை தாங்கவில்லை.

பின் சீட்டில் மகள் வேர்த்துக் கொட்டினாள். "பர்லியாறுல நிறுத்தி ஒரு டீ குடிச்சிட்டுப் போலாமேங்க" என்றாள் மனைவி. அங்கே நிறுத்த இடம் தேட வேண்டும். சோம்பல்பட்டு, "அதான் இறங்கிடுச்சே" என்று தாண்டிவிட்டேன்.

அடுத்த சில வளைவுகளில் ஹீட்டர் காற்று தானாகக் குளிர்ந்தது. முள்ளும் சட்டென்று கீழே வந்தது. "பார்த்தியா, சரியாயிடுச்சு" என்றேன். ஐந்து நிமிடம் ஆகவில்லை. இன்ஜின் இழுவை குறைந்து, தடதடவென்று சத்தம் போட்டு நின்றது. பானெட்டைத் திறந்தால் ஒரே ஆவி. ரேடியேட்டர் மூடியில் கை வைக்கப் போனேன். பின்னால் வந்த லாரி டிரைவர் ஓடி வந்து கையைத் தட்டிவிட்டார். "குக்கர் மூடியை இப்படித் திறப்பீங்களா சார்?" என்றார். அவர் சொன்னது சரியான ஒப்புமை. மூடிக்குள் அழுத்தம் இருப்பதால் கூலன்ட் 100 டிகிரிக்கு மேலும் கொதிக்காமல் இருக்கும். திறந்தால் முகத்தில் பீறிடும்.

மெக்கானிக் பார்த்தபோது கீழ் ஹோஸில் வெடிப்பு. கூலன்ட் முழுதும் வழியெல்லாம் ஒழுகியிருக்கிறது. ஹீட்டருக்குள் சுடுநீர் வராததால்தான் காற்று குளிர்ந்தது. சென்சார் கூலன்ட்டில் முங்காமல் நின்றதால் முள்ளும் பொய் சொன்னது. நான் குணமாகிவிட்டது என்று நினைத்த நேரத்தில் வண்டி செத்துக்கொண்டிருந்தது. ஹெட் வளைந்து, கேஸ்கெட் போய், பத்து நாள் பட்டறை வாசம். செலவு கிட்டத்தட்ட ஒரு மாதச் சம்பளம்.

ஆகவே என் கருத்து இது. ஹீட்டர், ஓரங்கட்ட இடம் கிடைக்கும் வரைக்கும்தான். ஏ.சி.யை அணையுங்கள், ஹீட்டரை உச்சத்தில் வையுங்கள், முதல் அகலமான இடத்தில் நிறுத்துங்கள். சூடான காற்று வந்துகொண்டிருந்தால் சில நிமிடம் நியூட்ரலில் ஓடவிட்டுப் பார்க்கலாம். காற்று குளிர்ந்தாலோ, ஆவி தெரிந்தாலோ, முள் இறங்காவிட்டாலோ உடனே அணைத்துவிடுங்கள். இன்ஜின் நன்றாக ஆறும் வரை மூடியைத் தொடாதீர்கள். கொதிக்கும் இன்ஜினில் பச்சைத் தண்ணீர் ஊற்றாதீர்கள்.

கார் கம்பெனிகள்மேல் ஒரு வருத்தமும் உண்டு. இப்போது பல கார்களில் அந்த முள்ளே இல்லை. குளிர்ந்திருந்தால் நீல விளக்கு, அளவு மீறினால் சிவப்பு விளக்கு, அவ்வளவுதான். காய்ச்சல் 104 ஆன பிறகு சொல்லும் தெர்மாமீட்டரை வைத்துக்கொண்டு என்ன செய்வது? முள் சில நேரம் பொய் சொல்லும், அதை நானே அனுபவித்தவன். ஆனாலும் சூடு ஏறத் தொடங்கும்போதே அது காட்டிவிடுகிறது. அன்று எனக்கும் காட்டியது, நான்தான் கேட்கவில்லை.

அந்த வாட்ஸ்அப் செய்தி உங்களுக்கும் வரும். பிள்ளைகளுக்கு அனுப்புவதானால் "போய்க்கொண்டே இருங்கள்" என்பதை அழித்துவிட்டு, "ஓரமாக நிறுத்துங்கள்" என்று திருத்தி அனுப்புங்கள்.