மீனுக்கும் பொருத்தம் பார்க்க வேண்டும்

பெரிய மீன் தொட்டி வாங்கியவர்கள் மீன் வாங்கப் போனால் முதலில் பார்ப்பது நிறத்தைத்தான். மஞ்சளில் இரண்டு, நீலத்தில் இரண்டு, வரி போட்டதில் நான்கு என்று பை பையாக வாங்கி வருகிறார்கள். கடைக்காரரும், "எல்லாம் ஆப்பிரிக்கன் சிக்லிட்தான் சார், ஒன்றாகவே விடலாம்" என்கிறார். சில மாதங்களில் தொட்டி ஒரு ரவுடியின் ராஜ்ஜியமாகிவிடுகிறது. மற்றவை வால் கிழிந்து, மூலையில் ஒதுங்கி, ஒவ்வொன்றாகப் போய்ச் சேருகின்றன.

'ஆப்பிரிக்கன்' என்பது ஒரு பொருத்தமே அல்ல என்பது என் கட்சி. அது கண்டத்தின் பெயர். முதலில் ஏரி, அடுத்து சாப்பாடு, பிறகு குணம். நிறம் கடைசியில்தான்.

கடைக்கு வருபவை பெரும்பாலும் மலாவி, டாங்கனிகா, விக்டோரியா என்ற மூன்று ஏரிகளின் வகைகள். மலாவி, டாங்கனிகா இரண்டிலும் கடினமான, காரத்தன்மையுள்ள தண்ணீர்தான். ஆனால் மலாவியின் முரட்டு மீன்களோடு டாங்கனிகாவின் நிதானமான ஃப்ரண்டோசாவை விட்டால், அது நிம்மதியாகச் சாப்பிடக்கூட முடியாது. ஆகவே ஒரு தொட்டிக்கு ஒரு ஏரி.

மலாவிக்குள்ளேயே சாப்பாடு வேறுபடுகிறது. 'எம்புனா' எனப்படும் பாறை மீன்கள் கல்லில் படிந்த பாசியைச் சுரண்டித் தின்பவை. பீகாக் வகை, மணலில் சிறு பூச்சிகளைத் தேடுபவை. பீகாக்குக்கான புரதம் மிகுந்த தீனியை எம்புனா தினமும் தின்றால் வயிறு உப்பிச் சாகக்கூடும். இரண்டையும் ஒன்றாக வளர்ப்பது, சர்க்கரைக்காரரைக் கல்யாண வீட்டிலேயே குடிவைப்பது போல.

குணத்துக்கு ஓர் உதாரணம், ஆரட்டஸ். குட்டியில் மஞ்சள் உடம்பும் கறுப்பு வரியுமாக அவ்வளவு அழகு. வளர்ந்த ஆண் கறுத்துப்போய் தொட்டியையே விரட்டும். இதை வேண்டாம் என்று சொல்லத் தெரிய வேண்டும்.

ஆறடித் தொட்டி என்றால் என் யோசனை இது: எல்லோ லேப், ரஸ்டி, அசேய் என்ற மூன்று சாதுவான எம்புனா வகைகள். ஒவ்வொன்றிலும் ஓர் ஆணுக்கு மூன்று பெண்களாவது வேண்டும். மூன்றுக்கும் நிறம் வேறு என்பதால் ஆண்கள் ஒன்றையொன்று எதிரியாக நினைப்பது குறைவு; கலப்புக் குட்டிகளும் குறைவு. ஒளிய நிறைய கல் அடுக்குங்கள், ஆட்டம் காணாதபடி. குடிக்கிற ஆர்.ஓ. தண்ணீரை ஊற்றாதீர்கள். வாளியில் வெள்ளைப் படலம் படியவைக்கிறது என்று நாம் திட்டும் போர் தண்ணீர் பல இடங்களில் இவற்றுக்குத் தோதானது. சோதித்துப் பார்த்து, ஒரு நாள் காற்றோட்டமாக வைத்து ஊற்றலாம்.

"என் நண்பர் எல்லாவற்றையும் கலந்துதான் வளர்க்கிறார், நன்றாகத்தானே இருக்கின்றன?" என்று கேட்பீர்கள். அவை குட்டிகளாக இருக்கும். பருவம் வந்து இடம் பிடிக்கத் தொடங்கியபின் பாருங்கள்.

ஏரியில் தோற்ற மீன் நீந்தி ஓடிவிடும். தொட்டியில் அதற்கு ஓட இடமில்லை. அடைத்து வைத்தவர்கள் நாம். அதனால், வாங்கப்போகும் வகைகளை ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக்கொண்டு கடைக்குப் போங்கள். சீட்டில் இல்லாத மீன் எவ்வளவு மினுக்கினாலும், கண்ணாடிக்கு வெளியே நின்று ரசித்துவிட்டுத் திரும்புங்கள்.