குறை சொன்னால் கோபம் வருதா? காந்தி வைத்த 40 நாள் டெஸ்ட்!

அப்ரைசல் மீட்டிங் முடிந்து வெளியே வரும்போது மனசுக்குள் என்ன ஓடும்? 'அவருக்கு என்னைப் பிடிக்கல, அதான் இப்படிச் சொல்றார்!' எனக்கும் அப்படித்தான் ஓடியது. ராத்திரி முழுக்க உட்கார்ந்து எழுதிய கட்டுரையைப் படித்த சீனியர் ஒருவர், "நல்லா இருக்கு. ஆனா, இது யாருக்குப் புரியும்?" என்று கேட்டார். ரெண்டு நாள் அவரிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. அவர் கேட்டது சரி என்று புரிய ஒரு வாரம் ஆனது.

அந்த ஒரு வாரம் வீண்தான். எப்படி என்று சின்னாளப்பட்டியில் கேட்டால் சொல்வார்கள்.

தறி சொல்லும் பாடம்

திண்டுக்கல் பக்கத்தில் இருக்கும் இந்த ஊர் சுங்குடிக்கும் சின்னாளப்பட்டுக்கும் பெயர் பெற்றது. தறியில் பாவு இழை ஒன்று அறுந்தால் உடனே நிறுத்தி முடிச்சுப் போட வேண்டும். கவனிக்காமல் நெய்துகொண்டே போனால், அந்தக் குறை புடவையில் கோடாக நீண்டுகொண்டே போகும். 'இழை அறுந்திருக்கு' என்று பக்கத்தில் இருப்பவர் சொன்னால், அது நெசவாளருக்கு அவமானம் இல்லை, லாபம்.

1921-ல் என்ன நடந்தது?

சின்னாளப்பட்டியை ஒட்டியே இருக்கிறது, 1947-ல் தொடங்கப்பட்ட காந்திகிராமம். அந்தப் பெயருக்கு உரியவரும் துணி விஷயத்தில்தான் ஒரு குறையைக் கேட்டுக்கொண்டார்.

1921 செப்டம்பரில் சென்னையிலிருந்து மதுரைக்கு ரயிலில் வந்த காந்தி, சக பயணிகளிடம் கதர் உடுத்தச் சொன்னார். 'கதர் விலை அதிகம், எங்களால் வாங்க முடியாது' என்றார்கள் அவர்கள். நாட்டுக்கே தலைவர் அவர். 'உங்களுக்கு தேசப்பற்று இல்லை' என்று சொல்லிவிட்டுப் போயிருக்கலாம். ஆனால், அந்தப் பதிலில் இருந்த உண்மை அவரை உறுத்தியது. செப்டம்பர் 22 அன்று மதுரையில் தொப்பி, மேல்சட்டை, முழு வேட்டியை விட்டுவிட்டு அரையாடைக்கு மாறினார்.

இதில் ரெண்டு விஷயம் கவனிங்க. கதர்ப் பிரசாரத்தை அவர் கைவிடவில்லை. தன்னைத்தான் மாற்றிக்கொண்டார். அதையும் முதலில் அக்டோபர் 31 வரைதான் என்று அறிவித்தார். கிட்டத்தட்ட 40 நாள் டெஸ்ட்! அது பிறகு வாழ்நாள் உடையானது.

அப்போ எல்லாத்தையும் கேட்கணுமா?

தேவையில்லை. 1931-ல் அதே உடையை வைத்து 'அரை நிர்வாண ஃபக்கீர்' என்று சர்ச்சில் கேலி செய்தார். காந்தி உடையை மாற்றவில்லை. அந்த ஆண்டே லண்டனில் மன்னரைச் சந்திக்கவும் அப்படியேதான் போனார். ரயில் பயணிகள் தங்கள் கஷ்டத்தைச் சொன்னார்கள். சர்ச்சில் ஆளைக் கேலி செய்தார்.

ஆபீஸிலும் இதே அளவுகோல்தான். பத்துப் பேர் முன்னால் கத்துவது, உடை, ஊர், உச்சரிப்பைக் கிண்டல் செய்வது எல்லாம் ஃபீட்பேக் இல்லை. அதை விழுங்கிக்கொள்ள வேண்டிய அவசியமும் இல்லை. ஆனால், 'இந்த ரிப்போர்ட்ல இந்த இடம் புரியல' என்று ஒருவர் சொன்னால், அவருடைய தொனி பிடிக்காவிட்டாலும் அந்த இடத்தை ஒருமுறை திறந்து பாருங்க.

அடுத்த முறை குறை கேட்டால் உடனே விளக்கம் கொடுக்காதீங்க, உடனே ஒத்துக்கவும் வேண்டாம். 'எந்த இடத்துல?' என்று மட்டும் கேளுங்க. சொன்னதில் ஒன்றை மட்டும் எடுத்து, காலண்டரில் ஒரு தேதி குறித்து, அதுவரை செய்து பாருங்க. சரிவரலைன்னா பழைய முறை எங்கேயும் போயிடாது.