தையற்சிட்டும் கத்தரிக்கோலும்

முற்றத்துச் செம்பருத்தியில் தையற்சிட்டு கூடு கட்டிவிட்டால் கேமராவும் கத்தரிக்கோலுமாகப் புறப்பட்டுவிடுகிறார்கள் நம் நண்பர்கள் சிலர். மறைக்கும் இலைகளை நறுக்கினால்தான் படம் தெளிவாக வருமாம். இலை விளிம்பில் அலகால் துளையிட்டு, பஞ்சும் சிலந்தி நூலும் கோத்து அச்சிறு பறவை தைத்ததே காகத்தின் கண்ணுக்குத் தப்புவதற்காகத்தான். அந்த மறைப்பை நாமே அகற்றிவிட்டு, குஞ்சுகள் காணாமற்போனதை இயற்கையின் நியதி என்று எழுதுவது என்ன நேர்மை? (பூச்சிகளை ஃப்ரிட்ஜில் வைத்து மரத்துப்போகச் செய்து படமெடுக்கும் உத்தமர்களைப் பற்றித் தனியே எழுத வேண்டும்.)

லண்டன் இயற்கை வரலாற்று அருங்காட்சியகம் நடத்தும் போட்டியில் 2009இல் முதற்பரிசு பெற்ற ஓநாய்ப் படம், பழக்கப்பட்ட விலங்கைக் கொண்டு எடுக்கப்பட்டிருக்கலாம் என நடுவர்கள் கருதியதால் 2010இல் தகுதியிழந்தது. முற்றத்து நறுக்கலை எந்த நடுவர் கேட்கப்போகிறார்? முட்டை பொரிய ஏறத்தாழ 12 நாட்கள், குஞ்சு பறக்க இன்னும் இரண்டு வாரம். அதுவரை சன்னலுக்கு இப்பால் நில்லுங்கள். படத்தில் இலை குறுக்கிட்டால் குறுக்கிடட்டும்.