துடைப்பமும் ஓர் அறிவியல் கருவிதான்

மாணவர்களே, 'வெடிப்பு' என்றதும் உங்கள் நினைவுக்கு வருவது என்ன? வகுப்பில் கேட்டால் வெடிகுண்டு, பட்டாசு, எரிவாயு சிலிண்டர் என்றுதான் பதில் வரும். 'உருளைக்கிழங்கு மாவு' என்று இதுவரை யாரும் சொன்னதில்லை.

2021 பிப்ரவரி 24ஆம் தேதி காலை, சிங்கப்பூரின் துவாஸ் வட்டாரத்தில் ஒரு தொழிற்கூடத்தில் வெடிப்பு நிகழ்ந்தது. ஊழியர்கள் மூவர் மாண்டனர், எழுவர் காயமடைந்தனர். அங்கே தயாரானது தீயைத் தடுக்கும் பொருள்! கலவை இயந்திரத்தின் உறைக்குள் இருந்த எண்ணெய் அளவுமீறிச் சூடாகி, அழுத்தம் கூடி, உறை பிளந்தது. நுண்துளிகளாகச் சிதறிய எண்ணெய் தீப்பற்றி வெடித்தது. அதன் பிறகு, அங்கே படிந்து கிடந்த உருளைக்கிழங்கு மாவுத் தூள் காற்றில் கிளம்பித் தீப்பிழம்பாக எரிந்தது. விசாரணைக் குழு கண்டறிந்தது இதுதான்.

மாவு எப்படி இவ்வாறு எரிகிறது? குவியலாக இருக்கும் மாவு எளிதில் எரியாது. மேற்புறம் கருகும், அவ்வளவுதான். காற்றில் பரவினால் கதையே வேறு. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 1 செண்டிமீட்டர் கனசதுரத்தின் மேற்பரப்பளவு 6 சதுர செண்டிமீட்டர். அதையே 0.1 மில்லிமீட்டர் கனசதுரங்களாக வெட்டினால் 10 லட்சம் துண்டுகள் கிடைக்கும். மொத்த மேற்பரப்பளவு 600 சதுர செண்டிமீட்டர். பொருளின் அளவு மாறவில்லை. ஆனால், ஆக்சிஜன் தொடக்கூடிய இடம் 100 மடங்கு கூடிவிட்டது. அதனால் எரிதல் கணப்பொழுதில் நடந்து முடிகிறது. சூடான வாயு விரிகிறது. மூடிய அறையில் அது போக வழியில்லை. அழுத்தம் ஏறிச் சுவரையே தள்ளிவிடும்.

இது புதிதாகக் கண்டறிந்த செய்தியும் அல்ல. 1785இல் இத்தாலியின் தூரின் நகரில், ஒரு ரொட்டிக் கடையின் மாவுக் கிடங்கு விளக்குச் சுடரால் வெடித்தது. அப்போதே அதை ஆராய்ந்து எழுதி வைத்துவிட்டார்கள்.

என் ஆதங்கம் இதுதான். 'மேற்பரப்பளவு கூடினால் வினையின் வேகம் கூடும்.' இந்த வரியைச் சுண்ணாம்புக்கல்லும் அமிலமும் வைத்துக் கற்பிக்கிறோம். நீங்கள் மனப்பாடம் செய்து மதிப்பெண் வாங்குகிறீர்கள். தேர்வோடு அது முடிந்துவிடுகிறது. அதே வரி ஒரு தொழிற்கூடத்தில் உயிரைக் காக்கும் என்பதை நாங்கள் சொல்லிக்கொடுப்பதில்லை. அந்தக் குறையில் எனக்கும் பங்கு உண்டு.

"வெடிப்பைப் பற்றிச் சொன்னால் பிள்ளைகள் செய்து பார்ப்பார்களே" என்று சிலர் அஞ்சுகிறார்கள். அச்சம் நியாயமானது. ஆகவே தெளிவாகச் சொல்கிறேன்: வீட்டில் சோதித்துப் பார்க்காதீர்கள். ஆனால், ஆபத்தை மறைத்து வைப்பதால் பாதுகாப்பு வந்துவிடாது. துவாஸ் இயந்திரத்தில் அதற்கு முன்பே எண்ணெய்க் கசிவும் சிறு தீயும் ஏற்பட்டிருந்தன. அந்த எச்சரிக்கைகளின் பொருளை உணர்ந்து இயந்திரத்தை நிறுத்தியிருந்தால், மூவரும் அன்று மாலை தங்கள் அறைக்குத் திரும்பியிருக்கலாம்.

நாளை உங்களில் பலர் பொறியாளராகவோ மேற்பார்வையாளராகவோ ஆவீர்கள். அப்போது மூலையில் படிந்த தூளைக் கண்டால் 'வெறும் அழுக்கு' என்று கடந்து போகாதீர்கள். தூளைக் கிளப்பாமல் அன்றன்றே கூட்டி அள்ளச் சொல்லுங்கள். வினையின் வேகத்தைப் படித்தவர் செய்ய வேண்டிய முதல் வேலை அது.