எல்லயில் திருமணம்: போகிறவர்களுக்குச் சில வார்த்தைகள்

சென்ற வாரம் ஒரு திருமண அழைப்பு மின்னஞ்சலில் வந்து சேர்ந்தது. மணமகள் கனடாவில் பிறந்தவள். மணமகன் வீட்டார் சென்னையில் இருக்கின்றனர். திருமணமோ இரண்டு ஊரிலும் இல்லை, எல்லயில். அழைப்பின் கீழே நண்பர் ஒரு வரி எழுதியிருந்தார்: "அந்தப் பக்கம் நன்றாகத் தெரிந்தவர் நீர். வருகிறவர்களுக்குச் சொல்ல வேண்டியதை எழுதித் தாரும்." நாலு வரியில் முடித்துவிட எண்ணினேன். முடியவில்லை. ஆகவே எல்லோருக்குமாக இங்கே எழுதுகிறேன்.

முதலில் காலம். எல்ல, ஊவா மாகாணத்தின் பதுளை மாவட்டத்தில், ஏறத்தாழ ஆயிரம் மீற்றர் உயரத்தில் இருக்கிறது. இப்பகுதிக்குப் பெருமழை தருவது வடகீழ்ப் பருவக்காற்று. ஒக்டோபரிலிருந்து ஜனவரி வரை மலை நனைந்தே கிடக்கும். வெளிநாட்டில் இருப்போர் டிசெம்பர் விடுமுறையையும் தை முகூர்த்தத்தையும் நினைத்தே நாள் குறிக்கிறார்கள். என்னைக் கேட்டால் ஆவணியே உகந்தது. வரண்ட காற்று வீசும் காலம் அது. ஊவாத் தேயிலைக்கு மணம் ஏறுவதும் அப்போதுதான்.

மழை என்றால் குடை போதும் என்று நினைக்க வேண்டாம். 2014 ஒக்டோபர் 29ஆம் திகதி கொஸ்லாந்தை மீரியபெத்தையில் மண் சரிந்து தோட்ட லயங்களை மூடியது. 2025 நவம்பர் இறுதியில் 'டித்வா' புயல் நாடெங்கும் நூற்றுக்கணக்கானோரைப் பலிகொண்டபோது, பதுளை மாவட்டம் மிக மோசமாக அடிபட்ட மாவட்டங்களுள் ஒன்றாயிற்று. மழைக்காலத்தில் போகிறவர்கள், மண்சரிவு எச்சரிக்கை வெளியிடும் தேசிய கட்டிட ஆராய்ச்சி நிறுவனத்தின் அறிவித்தலைப் பார்த்துவிட்டுப் புறப்படுங்கள். விமானத்துக்கும் திருமணத்துக்கும் இடையில் ஒரு நாளாவது கையிருப்பாக வைத்துக்கொள்ளுங்கள்.

அடுத்தது வழி. கட்டுநாயக்கவிலிருந்து ஆறேழு மணி நேரப் பயணம். இரவில் இறங்கியவர்கள் இரவோடிரவாக மலையேற வேண்டாம். 2025 செப்டம்பர் 4ஆம் திகதி இரவு எல்ல - வெல்லவாய வீதியில் ஒரு பேருந்து பள்ளத்தில் வீழ்ந்து பதினைந்து பேர் இறந்தார்கள். புகையிரதத்தில் வர விரும்புகிறவர்கள், மலையகப் பாதை டித்வாவில் பெருஞ்சேதம் அடைந்தது என்பதை நினைவில் வைத்து, எதுவரை வண்டி ஓடுகிறது என்று விசாரித்த பிறகே திட்டமிடுங்கள். வண்டி ஓடினால், வாசற்படியில் தொங்கிப் படம் எடுக்காதீர்கள். அவ்வாறு உயிரிழந்தவர்கள் உண்டு.

சில்லறை விஷயங்களை விரைவாகச் சொல்லிவிடுகிறேன். கடவுச்சீட்டு குறைந்தது ஆறு மாதம் செல்லுபடியாக இருக்கட்டும். போயா தினத்தில் மது விற்பனை கிடையாது. மாலையில் குளிரும், பட்டுச்சேலைக்கு மேல் ஒரு சால்வை வேண்டும். உயர்ந்த குதி வைத்த செருப்பு தேயிலைப் பாதைக்கு உதவாது. ஈரப் புல்லில் அட்டை இருக்கும். இந்தியாவிலிருந்து வருகிறவர்கள், இங்கே விலை இலங்கை ரூபாவில் என்பதை மறந்து மயங்க வேண்டாம். இந்திய ரூபா ஒன்று இலங்கையில் மூன்று ரூபாவுக்கு மேல்.

இனி, இதை எழுதத் தூண்டிய விஷயத்துக்கு வருகிறேன்.

சில ஆண்டுகளுக்கு முன் இதே எல்லயில் ஒரு திருமணத்துக்குப் போயிருந்தேன். காலையில் மணமக்களைப் படம் எடுக்கத் தேயிலை மலைக்கு அழைத்துப்போனார்கள். கொழுந்து பறித்துக்கொண்டிருந்த ஐந்தாறு பெண்களைப் படக்காரர் கைகாட்டி அழைத்து, கூடையோடு மணமகளின் பின்னால் நிறுத்தினார். ஒளி சரியில்லை, மீண்டும் ஒருமுறை, இன்னுமொருமுறை என்று முக்கால் மணி நேரம் கழிந்தது. விருந்தினர் அவர்களிடம் ஆங்கிலத்தில் பேசினார்கள். சிலர் சைகையில் பேசினார்கள். கடைசியில் வயதான ஒரு பெண், "ஐயா, எடை கொறஞ்சிடும், நாங்க போகட்டுமா?" என்று கேட்டார். மணமகளின் மாமா ஒருவர் திகைத்து, "நீங்கள் தமிழா?" என்றார். அந்த அம்மாள் சிரித்துக்கொண்டே, "நாங்களும் தமிழாளுங்கதான்யா" என்று சொல்லிவிட்டு நிரைக்குத் திரும்பினார்.

எடை குறைந்தால் என்ன ஆகும்? அன்றைக்குரிய கிலோவைப் பறிக்காதவருக்கு முழுப்பேர் விழாது, அரைப்பேர்தான். 2024 செப்டம்பரில் தோட்டத் தொழிலாளரின் அடிப்படை நாட்சம்பளம் 1350 ரூபா ஆனது. 2026ஆம் ஆண்டு வரவு செலவுத் திட்டம், வருகைக் கொடுப்பனவையும் சேர்த்து அதை 1750 ரூபா ஆக்குவதாகக் கூறியது. மண்டபத்தின் பூ அலங்காரச் செலவோடு இதை ஒப்பிட நான் விரும்பவில்லை. மகிழ்ச்சிக்குச் செலவழிப்பது குற்றமல்ல. ஆனால் நம்முடைய ஒரு படத்துக்காக அவர்களுடைய அரைநாள் கூலி போகக்கூடாது.

அந்த மாமாவையும் நான் குறை சொல்லவில்லை. மலையகத் தமிழரைப் பற்றி அவருக்கு யாரும் சொல்லித் தரவில்லை. தமிழகத்திலிருந்து வந்து இந்த மலைகளைத் தேயிலைத் தோட்டமாக்கியவர்கள் இவர்களுடைய முன்னோர். 1948ஆம் ஆண்டுச் சட்டத்தால் குடியுரிமை இழந்தவர்கள். அதன் பிறகு இலட்சக்கணக்கானோர் இந்தியாவுக்கு அனுப்பப்பட்டார்கள். சென்னையிலிருந்து வரும் விருந்தாளிக்கு அவர்கள் தூரத்து உறவாகவும் இருக்கக்கூடும்.

ஆகவே, போகிறவர்களிடம் கேட்பது இவ்வளவுதான். தேயிலை மலையில் படம் எடுப்பதானால் தோட்டத்தில் அனுமதி கேளுங்கள். வேலை நேரத்தில் கொழுந்துப் பெண்களை மறிக்காதீர்கள். அவர்களும் படத்தில் வேண்டுமானால், வேலை முடிந்தபின் கேட்டு, சம்மதித்தவர்களோடு எடுத்து, நேரத்துக்குரிய பணத்தை அவர்கள் கையிலேயே கொடுங்கள். லயத்து வாசலில் காயும் துணியையும் விளையாடும் குழந்தையையும் வேடிக்கையாகப் படம் பிடிக்காதீர்கள். எல்லாவற்றுக்கும் முன்னால், தமிழில் ஒரு வணக்கம் சொல்லுங்கள்.

நண்பருக்கும் இதையே அனுப்பியிருக்கிறேன். முகூர்த்தத்தை ஆவணிக்கு மாற்ற முடியுமா என்றும் கேட்டிருக்கிறேன். பதில் இன்னும் வரவில்லை.