எடைக்குப் போடாதீர்கள்

மதுரை புதுமண்டபம் 17ஆம் நூற்றாண்டில் திருமலை நாயக்கர் கட்டியது. மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்துக்கு எதிரே, அதன் சிற்பத் தூண்களுக்கு அடியில் தையல் மெஷின்களைப் போட்டுப் பல பத்தாண்டுகள் தையல்காரர்கள் பிழைத்தார்கள். சித்திரைத் திருவிழாவில் அழகர்மீது தண்ணீர் பீய்ச்சும் பக்தர்கள் பலரின் உடை அங்கே தைக்கப்பட்டதுதான். கோயில் தேரில் தொங்கவிடும் துணி அலங்காரமான தொம்பையைத் தைப்பதைப் பக்கத்தில் நின்று பார்க்க வேண்டும். சிவப்பு, பச்சை, மஞ்சள் துணிகளை வெட்டி, ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, ஓரம் பிசகாமல் ஓட்டுவார்கள். நாலைந்து மடிப்பு சேரும் இடத்திலும் பழைய கால்மெஷின் திணறாது. மிதிக்கும் வேகத்துக்குத் தகுந்தபடி ஊசி நிதானமாக இறங்கும். மண்டபத்துக் கடைகள் பிறகு குன்னத்தூர் சத்திரத்துக்கு மாறியது நல்லதே, சிற்பங்களும் பிழைக்க வேண்டுமே. என் கவலையெல்லாம் வீடுகளில் முடங்கிக் கிடக்கும் மெஷின்களைப் பற்றித்தான். பாட்டி காலத்து சிங்கரையும் உஷாவையும் பழைய இரும்புக்காரரிடம் எடைக்குப் போட்டுவிடுகிறோம். இது பெரிய அநியாயம். பல மெஷின்களுக்கு வேண்டியது நாலு சொட்டு எண்ணெய், புது பெல்ட், ஒரு நல்ல ஊசி, அவ்வளவுதான். பழைய சேலைகளை அடுக்கி விரிப்பு தைக்க அவற்றைப் போல உழைக்கும் மெஷின் வேறில்லை. விற்பதற்கு முன் மெக்கானிக் ஒருவரிடம் காட்டுங்கள். உங்களுக்கு வேண்டாமென்றால், தைக்கத் தெரிந்த அக்கம்பக்கத்துப் பெண் யாருக்காவது கொடுங்கள்.