கரு கலைந்தால் பெண்தான் குற்றவாளியா?

சமீபத்தில் நாம் ஜவ்வாது மலையில் ஜமுனாமரத்தூருக்கு அப்பாலுள்ள ஒரு கிராமத்துக்குப் போயிருந்தோம். அங்கே ஒரு பெண்ணுக்கு நான்கு வருஷத்தில் மூன்று முறை கர்ப்பம் கலைந்துவிட்டதாம். அடிவாரத்துச் சோதிடர் ஒருவர் கிரக தோஷமென்று சொல்லிப் பணமும் வாங்கிக்கொண்டார். பெரியவர்களோ புருஷனுக்கு வேறு பெண் பார்க்கும் யோசனையில் இருந்தார்கள். "அவன் ரத்தத்தைச் சோதித்தீர்களா?" என்று கேட்டோம். "ஆம்பளைக்கு என்னங்க, கல்லாட்டம் இருக்கான்" என்றார்கள். பட்டணத்தார் சிரிக்க வேண்டாம். பி.ஏ., எம்.ஏ. படித்த வீடுகளிலும் இதே பதில்தான் வருகின்றது.

இதே மலையில்தான் காவலூர் வானாராய்ச்சிக் கூடம் இருக்கின்றது. அங்கிருந்த தொலைநோக்கி வழியாகவும் 1977-ல் யுரேனஸ் கிரகத்தைச் சுற்றியுள்ள வளையங்களுக்கு அடையாளம் கண்டார்கள். அந்தக் கிரகம் சோதிடரின் ஒன்பதில் சேர்ந்ததே அல்ல! வானத்திலிருக்கும் கிரகமே தெரியாதவருக்கு ஒரு பெண்ணின் கர்ப்பப்பையில் நடப்பது மட்டும் எப்படித் தெரிந்ததோ?

கல்லாட்டம் இருப்பவனிடமும் காரணம் இருக்கலாம். மனிதனுடைய உயிரணுவில் சாதாரணமாக 46 குரோமோசோம்கள் உண்டு. சிலருக்கு ஒன்றின் துண்டு முறிந்து மற்றொன்றில் ஒட்டிக்கொண்டிருக்கும். கடைக்காரரின் இரண்டு கணக்குப் புத்தகங்களில் ஏடுகள் மாறித் தைக்கப்பட்டதாக வைத்துக்கொள்ளுங்கள். இரண்டும் கையிலிருக்கும்வரை கணக்குச் சரிதான். ஆகவே அவனுக்கு ஒரு நோவும் இராது. ஆனால் விந்தணுவுக்குப் பாதிதான் போகின்றது. அப்பொழுது சில விந்தணுக்களில் சில ஏடுகள் இரட்டித்தும், சில ஏடுகள் இல்லாமலும் போய்விடும். அப்படிப்பட்ட கரு பெரும்பாலும் நிலைப்பதில்லை. இம்மாற்றம் பெண்ணிடத்திலும் இருக்கக்கூடும். திரும்பத் திரும்பக் கரு கலையும் 100 தம்பதிகளில் சுமார் 3, 4 ஜோடிகளில் இருவரில் ஒருவருக்கு இது இருக்கின்றது. சில மில்லி ரத்தம் எடுத்துப் பார்த்தால் தெரிந்துவிடும்.

சரியான விந்தணுவை மட்டும் பொறுக்கி எடுக்கலாகாதா என்று கேட்கலாம். சாயமேற்றிக் குரோமோசோமைப் பார்க்கலாம்; ஆனால் பார்த்த விந்தணு செத்துப்போகும். பிரான்ஸ் தேசத்து ஆராய்ச்சியாளர் சிலர் உப்புக் குறைந்த நீரில் விந்தணுவை விட்டு, வால் வீங்கும் தினுசைக் கொண்டு நல்லதை ஊகிக்க முயன்று வருகிறார்கள். அது இன்னும் ஆராய்ச்சி நிலையில்தான் இருக்கின்றது. "உறுதியாகப் பொறுக்கித் தருகிறோம்" என்று எவராவது விளம்பரம் செய்தால், பூசாரியைக் கேட்பது போலவே அவரையும் ருசுக் கேளுங்கள். இன்று கைகண்ட வழி, வெளியே கருவை உண்டாக்கிச் சோதித்து, நல்லதைக் கர்ப்பப்பையில் வைப்பதாகும். அதற்குச் செலவு அதிகம், ஏழைக்கு எட்டாது. இயற்கையாகவே நல்ல பிள்ளை பெற்றவர்களும் அநேகர். ஆண் பிள்ளையாகப் பொறுக்கச் சொல்வதோ 1994-ம் வருஷத்துச் சட்டப்படியும் அதன் 2003-ம் வருஷத் திருத்தப்படியும் குற்றம்.

அந்த வாலிபன் ரத்தம் கொடுக்கச் சம்மதித்துவிட்டான். முடிவு தெரியும்வரை பெண் பார்க்கும் பேச்சை நிறுத்துவதாகப் பெரியவர்களும் ஒப்புக்கொண்டார்கள். சோதிடர் மட்டும் இன்னும் பணத்தைத் திருப்பித் தரவில்லை.